ஆடிக் காற்றில் விட்ட ராக்கெட்

கதவடைப்புச் செய்த தொழிற்சாலைக்குள் ஒரு தொழிலாளி மறுபடி கால் வைப்பதற்கு என்னென்ன வழிகள் உண்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். சமரசப் பேச்சு, அது முறிந்தால் தோல்வி அறிக்கை, அதன்மேல் அரசாணை, தொழிலாளர் நீதிமன்றம், இடையில் யாருக்காவது நல்ல புத்தி வந்தால் ஒப்பந்தம். தொழிலாளர் துறையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை இந்த வரிசை கலையாமல் காவல் காத்தவள் நான். வரிசையில் எங்கேயும் ராக்கெட் வராது. ஆனால் நான் முதன்முதலாகப் பார்த்த கதவடைப்பு, ராக்கெட்டில்தான் முடிந்தது.

அந்தக் காலத்து ஓசூர் எவ்வளவு குளிர்ந்தது, எவ்வளவு அமைதியாக இருந்தது என்று இந்த இடத்தில் நாலு வரி எழுதுவது மரபு. எழுதப் போவதில்லை. காற்று அடித்தது என்பது மட்டும் இந்தக் கதைக்குப் போதும். ஆடி மாதம். மேற்கிலிருந்து கிழக்காக, நிறுத்தாமல் அடித்தது. மேற்கே எங்கள் வாடகை வீட்டு வரிசை, நடுவே பொட்டல், கிழக்கே கம்பெனி.

அப்பா தெற்கே கரிசல் காட்டிலிருந்து வேலைக்காக எங்களை இங்கே கொண்டுவந்தவர். வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் அந்தக் கம்பெனியில், அச்சும் கருவியும் கடையும் டூல் ரூமில் வேலை. தலைமுடியின் கனத்தில் ஒரு துணுக்குத் தவறினாலும் அன்று அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவரை வீட்டில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? தகராறு எதில் தொடங்கியது என்று இரண்டு தரப்பும் மறக்கும் அளவுக்கு நாளாகியிருந்தது. கம்பெனி தன் நிபந்தனையை மட்டும் மறக்கவில்லை. நன்னடத்தைக்கு உறுதி சொல்லி ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டவர் மறுநாளே உள்ளே வரலாம். அந்தத் தாளை எல்லோரும் 'பாண்டு' என்றார்கள். தொழிலாளிகளும் சும்மா இருக்கவில்லை. மலைக்கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றி, உள்ளங்கையால் அதை அணைத்து, ஒருவரும் தனியாகக் கேட்டைத் தாண்டுவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். அப்பாவின் வலது கையில் அந்தத் தழும்பு சில நாள் கறுப்பாக இருந்தது.

கேட்டுக்கு எதிரே கீற்றுப் பந்தல் போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனியைக் கவனிப்பதாகப் பெயர். உண்மையில் கவனித்தது ஒருவரை ஒருவர்.

பந்தலில் இருக்கும் நேரம் போக, அப்பா வீட்டைப் பழுது பார்த்தார். கதவுக் கீல், கட்டில் கால், குடைக் கம்பி, என் பென்சில் பெட்டியின் மூடி. திருகக் கூடியது எதுவும் எங்கள் வீட்டில் திருகப்படாமல் மிஞ்சவில்லை. "அம்மிக்கு மட்டும் திருகாணி இல்ல, அது தப்பிச்சிது" என்றாள் அம்மா. அவள் அப்போது என் தம்பியை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். அடுப்படியிலிருந்து அவள் சொல்லும் இன்னொன்றும் எனக்கு மனப்பாடம்.

"கையெழுத்தப் போட்டுட்டு உள்ள போங்க. இல்லாட்டி ஆவணி பொறந்ததும் நான் எங்க ஊருக்குப் போறேன். இவளையும் அங்கனயே பள்ளிக்கூடத்துல சேத்துருவேன். நீங்க இங்கயே கொடியப் பிடிச்சிட்டு இருங்க."

"கற்பூரத்துல அடிச்சிருக்கேன்ல."

"வயித்துல இருக்கறது கற்பூரத்தத் தின்னா வளரும்?"

அப்பா எதையாவது எடுத்துத் திருகுவார்.

அந்தச் சமயத்தில்தான் கப்பலில் வேலை பார்த்த என் மாமா விடுமுறையில் வந்து, எனக்கென்று ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டிக்குள் காகிதக் குழல், பிளாஸ்டிக் மூக்கு, லேசான மரத்தில் இறக்கைகள், சிவப்புக் கோடு போட்ட பாலித்தீன் பாராசூட், விரல் தடிமனில் மோட்டார்கள். தீபாவளி ராக்கெட் மாதிரி திரி கிடையாது. கம்பியில் கோத்து நிறுத்தி, பேட்டரி வைத்துக் கொளுத்த வேண்டும். ஒட்டினால் ஒரு மாலையில் ராக்கெட் தயார். அன்றைக்கே விட்டுவிட வேண்டும் என்று எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அப்பா பெட்டியை வாங்கிப் பார்த்தார். கூட வந்த இங்கிலீஷ் விளக்கத் தாளை நான்தான் அகராதி வைத்துப் படித்துச் சொன்னேன். அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு விளம்பரப் படம். நிஜமாகவே வானத்தை ஆராய அனுப்பும் இரண்டடுக்கு ராக்கெட்டின் சிறு நகல். கீழே தடித்த அடுக்கு, மேலே ஒல்லியான அடுக்கு. கீழ் அடுக்கு எரிந்து முடியும்போது மேல் அடுக்கைப் பற்றவைத்துவிட்டுக் கழன்று விழும். அதற்கு ஏற்ற மோட்டாரும் பெட்டியிலேயே ஒன்று இருந்தது.

அப்பா வெர்னியர் அளவுகோலை எடுத்து அந்தப் படத்தை அளந்தார். அன்றோடு ராக்கெட் என் கையை விட்டுப் போயிற்று.

"அப்பா, இருக்கற மாதிரியே விட்டுருவோம்ப்பா."

"பொறு தாயி. ஒத்த ஸ்டேஜ் தீவாளிக்கே விடுறோமே. இது ரெண்டு. கணக்குப்படி செய்யணும்."

கணக்கு தொடங்கியது. மேல் அடுக்குக்குப் பெட்டியில் இருந்த குழல். கீழ் அடுக்கை நாங்களே செய்ய வேண்டும். அதற்குச் சரியான பருமனில் ஒரு குழாய் கிடைத்தால்தான் அதன்மேல் காகிதத்தைச் சுற்றி ஒட்ட முடியும். டூல் ரூமில் இருந்தால் அப்பா ஒரு மணி நேரத்தில் கடைந்துவிடுவார். டூல் ரூம் பூட்டிக் கிடந்தது. வீட்டில் இருந்த பூரிக்கட்டை, சைக்கிள் பம்ப், மண்ணெண்ணெய்ப் புனல் எல்லாவற்றையும் அளந்து பார்த்துத் தள்ளிவிட்டார். அம்மா பூரிக்கட்டையைத் திரும்ப வாங்கி ஒளித்து வைத்தாள்.

குழாய் கொண்டுவந்து கொடுத்தவர் பேரிகையார். சொந்த ஊர் பேரிகை என்பதால் கம்பெனி முழுக்க அவருக்கு அதுவே பெயர். கிரைண்டிங் பிரிவு. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் மூன்றும். சங்கத்தில் அவருக்குப் பதவி எதுவும் இல்லை. ஆனால் கற்பூரத்தின் மேல் முதல் கை அவருடையது. தன் ஊர்க் கிணற்று பம்ப்செட்டில் மிஞ்சிய குழாய்த் துண்டு ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, இது ஆவுமா பாரு. ஏன் பாப்பா, இது எப்போ எகிரும்?"

"அப்பா விட மாட்டேங்கறாங்க."

"விடுவாரு, விடுவாரு. டூல் ரூம்காரன் பொண்ணு பார்க்கப் போனாலும் ஸ்கேல் எடுத்துக்கினு போவான்."

அவரே பந்தலிலிருந்து, ஒட்டாமல் மிஞ்சிய போஸ்டர்களையும் ஒரு வாளி மைதாப் பசையையும் கொண்டுவந்தார். குழாயின் மேல் போஸ்டரை எழுத்து உள்பக்கம் போகும்படி இறுக்கமாகச் சுற்றி, காயவைத்து, உருவி எடுத்தார்கள். இறக்கைகளுக்கு ரயில் பாதை ஓரத்தில் காய்ந்து நின்ற கற்றாழைக் கம்பத்தை வெட்டி வந்தோம். அந்தத் தண்டு நெட்டி மாதிரி லேசு. அப்பா அதைச் சீவி, உப்புத்தாள் போட்டு, கண்ணெதிரே தூக்கிப் பிடித்து, மறுபடி உப்புத்தாள் போட்டார். மாமா கொண்டுவந்த மரத்தைவிட அது நேர்த்தியாக இருந்தது. அதனால் மேல் அடுக்கின் இறக்கைகளையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகச் செய்தார். எனக்கு அழுகை வந்தது.

இரண்டு அடுக்கும் சேரும் இடம் இன்னும் மோசம். தூக்கினால் கழலக் கூடாது, சுண்டினால் கழல வேண்டும். அப்பா அதை ஒட்டினார், தேய்த்தார், தூக்கினார், சுண்டினார். தினமும் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்து கேட்பேன்.

"இன்னைக்கு விடுவோமா?"

"ஃபிட்டு சரியில்ல."

ஃபிட்டு சரியானபின் பெயின்ட். பெயின்ட் காய்ந்தபின், பெயின்டின் கனத்தால் ஃபிட்டு சரியில்லை.

ஒரு நாள் சாயங்காலம் நான் வரும்போது அப்பா தண்ணீர்த் தொட்டியின் மேல் நின்றிருந்தார். பாராசூட்டில் ஒரு போல்ட்டைக் கட்டிக் காற்றில் விட்டார். அது பொட்டலைத் தாண்டி மிதந்துபோய்க் கம்பெனியின் முள்கம்பி வேலியில் மாட்டிக்கொண்டது. "போச்சு!" என்று நான் கத்தினேன். அப்பாவின் முகத்திலோ, இத்தனை நாளாக வராத ஃபிட்டு வந்துவிட்ட களை. வெளிப்பக்கமாகவே நின்று குச்சியால் அதை எடுத்து வந்து, கிழிசல் இருக்கிறதா என்று பார்த்தார். மறுபடி ஏறி விட்டார். மறுபடி வேலி.

அதற்குப் பிறகு ராக்கெட் தயாராகிவிட்டது. ஆனாலும் விடவில்லை. விளக்கத் தாளில் தெளிவாகப் போட்டிருந்தது: காற்று இல்லாத நேரத்தில் விடவும். ஆடியிலும் விடிகாலையில் கொஞ்ச நேரம் காற்று ஓய்ந்திருக்கும். நான் எழுந்து, வேப்ப இலை அசையவில்லை என்று பார்த்துவிட்டு அப்பாவை உலுக்குவேன்.

"அப்பா, காத்தே இல்ல. இப்ப விடலாம்."

"இப்ப வேண்டாம் தாயி."

"காத்து இருந்தா விடக் கூடாதுன்னு போட்டிருக்கே!"

"தெரியும்ட்டி" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். என் அப்பாவுக்கு இங்கிலீஷ் புரியவில்லை என்று முடிவு கட்டி, மறுபடியும் மொழிபெயர்த்துச் சொல்வேன்.

கடைசியில் ஒரு நாள் மத்தியானம், அம்மியும் பறக்கும் என்பார்களே, அப்படிப்பட்ட காற்றில், அப்பா ராக்கெட்டை எடுத்துக்கொண்டு பொட்டலுக்கு நடந்தார். நான் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். பேரிகையாரின் மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றியது. பந்தலில் இருந்தவர்கள் சீட்டுக்கட்டைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். பல நாளாக அவர்கள் பார்த்த முதல் புதிய விஷயம் அது.

"யோவ், பெங்களூர்ல போய் விழுந்தா கர்நாடகா போலீஸ் புடிச்சிக்கினு போயிடுவான்."

"அதுக்கு முன்னாடி பார்டர்லயே, ஜூஜூவாடி செக்போஸ்ட்ல நிறுத்தி பர்மிட் கேப்பாங்க."

"மொதல்ல மேல போவுதா பாரு."

அப்பா யாரையும் பார்க்கவில்லை. கம்பியை நட்டு, தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, செங்குத்தா என்று சரிபார்த்தார். வீட்டில் காலண்டரைக்கூடத் தூக்குக்குண்டு பிடித்து மாட்டியவர் அவர். பிறகு குண்டைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, நிதானமாக அந்தக் கம்பியைக் கிழக்குப் பக்கம் ஒரு அழுத்து அழுத்தினார்.

"அப்பா, கம்பி சாயுது!"

"அப்படித்தான் இருக்கணும்."

"காத்துக்கு எதிராத்தான் சாய்க்கணும்னு தாள்ல…"

"தள்ளிப் போ தாயி."

வயரை என் கையில் கொடுத்தார். அவருடைய பெரிய மனது. நான் எண்ணி முடிப்பதற்குள் கை தானாகவே வயரைத் தொட்டுவிட்டது.

சீறல். புகை. கீழ் அடுக்கு இவ்வளவு வேகமாகப் போகும் என்று நான் நினைக்கவில்லை. பனைமரம், அதற்கு மேல் இன்னொரு பனைமரம், அந்த உயரத்தில் சின்னதாக ஒரு 'டப்'. ஒரு துண்டு கழன்று உருண்டு கீழே வர, மேல் அடுக்கு மறுபடி சீறிக்கொண்டு எழும்பியது. கூட்டம் அண்ணாந்து பார்த்தது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் விசில் அடித்தார்கள். அந்தப் பந்தலில் நான் கேட்ட ஒரே சந்தோஷச் சத்தம் அதுதான். மேலே சிவப்புக் கோடு போட்ட பாராசூட் மலர்ந்தது. ஆடிக்காற்று அதை வாங்கிக்கொண்டு கிழக்கே நடந்தது. வேலியைத் தாண்டியது. கேன்டீன் கூரையைத் தாண்டி, ஆபீஸ் கட்டிடத்துப் பக்கம் இறங்கியது.

நான் கதறினேன். அதில் நடிப்பு எதுவும் இல்லை.

பேரிகையார் என்னைத் தூக்கிக்கொண்டார். "அழாத பாப்பா. வாட்ச்மேன் நம்மாளுதான். சொன்னா எடுத்து வேலி மேல வீசுவான்."

"வேண்டாம்ண்ணே" என்றார் அப்பா. குரல் கொஞ்சம் அவசரமாக வந்தது. "மருந்து மிச்சம் இருக்கும். தெரியாத ஆளு தொட்டா கை போயிரும். நானே போய்த்தான் எடுக்கணும்."

"அப்பா, அதுதான் எரிஞ்சு முடிஞ்சிருச்சே! பாராசூட் விரிஞ்சா மருந்து தீர்ந்துச்சுன்னு அர்த்தம். தாள்ல…"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. பேரிகையாரைப் பார்த்தார். பேரிகையார் அப்பாவைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நீளமாகத் தோன்றியது. என் ராக்கெட் உள்ளே கிடக்கும்போது இவர்கள் ஏன் மசமசவென்று நிற்கிறார்கள் என்று எரிச்சலாக வந்தது. விசில் அடித்த கூட்டம் இப்போது கேட்டையும் அப்பாவின் கால்களையும் மாறி மாறிப் பார்த்தது. ஒருவர், "கற்பூரம் அணைச்ச கையி…" என்று தொடங்கினார்.

"போயிட்டு வரட்டும் விடுங்கப்பா" என்றார் பேரிகையார், எல்லோருக்கும் கேட்கும்படி. "கொழந்த பொருளு உள்ள விழுந்துடுச்சி. அப்பன் போயி எடுக்காம யாரு எடுப்பான்?"

கூட்டம் வழிவிட்டது. வாட்ச்மேன் சின்னக் கதவைத் திறந்தார். அப்பா குனிந்து உள்ளே போனார்.

ராக்கெட்டை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? நான் பொட்டலில் இங்கும் அங்கும் நடந்தேன். வேலியில் கண்ணை வைத்துப் பார்த்தேன். கீழே விழுந்த அடுக்கை ஓடிப்போய் எடுத்து வந்தேன். மேல்விளிம்பு கருகி, பெயின்ட் உரிந்து, உள்ளே போஸ்டரின் சிவப்பு எழுத்துகள் தெரிந்தன. பேரிகையார் பந்தலில் உட்கார்ந்து, கையை நீட்டி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மற்றவர்கள் சீட்டாட்டத்துக்குத் திரும்பியிருந்தார்கள், ஆனால் யாரும் சீட்டைப் போடவில்லை.

"இது ஏன் பாப்பா பாதியில விழுந்துடுச்சி?"

"இது கீழ் அடுக்கு. மேல இருக்கறதத் தூக்கிவிட்டுட்டு விழுந்துரும். அதுதான் இதோட வேலை."

"அப்படியா? அதுக்குக் குடை இருக்குதே. இதுக்கு?"

"இதுக்குப் பாராசூட் கிடையாது" என்றேன், தெரிந்தவளின் அலட்சியத்தோடு.

அவர் சத்தமாகச் சிரித்தார். "இத நான் வெச்சிக்கட்டுமா?"

எனக்கு மேல் அடுக்குதான் வேண்டும். சரி என்றேன்.

அப்பா வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கையில் ராக்கெட். பாராசூட், தாளில் போட்டிருந்த முறைப்படி முனைக்கு முனை மடித்து, நூல் சுற்றி, சுருக்கமில்லாமல் இருந்தது. ஆடிக்காற்றில் நின்றபடி அப்படி மடிக்க முடியாது. ஆபீஸில் யாரோ அவருக்கு நாற்காலியும் மேசையும் கொடுத்திருக்க வேண்டும். நான் ராக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டு பின்னால் வந்தார். அன்றைக்கு ராத்திரி அம்மா பூரி சுட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் வரிசையில் ஒரு விசித்திரம். கொடியில் காய்ந்த ஒரு வேட்டி பறந்து கம்பெனிக்குள் விழுந்தது. வேட்டிக்காரர் போய் எடுத்து வந்தார். எதிர்வீட்டுக் கோழி வேலியைத் தாண்டியது. அதைப் பிடிக்க வீட்டுக்காரரும், அவருக்குத் துணையாக இன்னும் இரண்டு பேரும் போனார்கள். ஒருவருடைய மகன் அடித்த பந்து. இன்னொருவர் வீட்டு மருமகளின் முறம். முறம் பறக்குமா என்று யாரும் கேட்கவில்லை, ஆடி அல்லவா? ஒவ்வொரு தடவையும் பேரிகையார் பந்தலில் உட்கார்ந்தபடி, "போயிட்டு வரட்டும் விடுங்கப்பா" என்றார். போனவர்கள் சாவகாசமாக, சிலர் விரலில் பேனா மையோடு, திரும்பி வந்தார்கள். நம் வீட்டுப் பொருளும் இன்னொன்று விழுந்தால் நன்றாக இருக்குமே என்று எனக்கு ஆசையாக இருந்தது. அநேகமாக எல்லோரும் ஒரு தடவை உள்ளே போய் வந்தபின், ஆடி முடிவதற்குள் சங்கு ஊதியது. அப்பா முதல் ஷிப்டுக்குப் போனார். பந்தலைப் பிரித்தார்கள். அம்மா ஊருக்குப் போகவில்லை. என் பள்ளிக்கூடமும் மாறவில்லை. தம்பி ஓசூரிலேயே பிறந்தான்.

பேரிகையார் வீட்டிலிருந்து மட்டும் எதுவும் பறக்கவில்லை. அவர் ஒரு நாள் டெம்போவில் சாமான்களை ஏற்றினார். ஊரில் தக்காளி போடப் போவதாகச் சொன்னார். அப்பா அந்த நேரத்தில் வீட்டுக்குள் எதையோ திருகிக்கொண்டிருந்தார், வெளியே வரவில்லை. நான் ஓடிப்போய், "மாமா, உங்க வீட்டுல எதுவுமே உள்ள விழலையா?" என்று கேட்டேன். டெம்போ டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எங்கூட்டுல எல்லாம் கனமான சாமான் பாப்பா" என்றார் பேரிகையார்.

பிற்பாடு நானே சமரச மேசையின் நடுவில் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் கத்தும்போது ஜன்னல் வழியே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு இருந்தது. ஓய்வு பெற்ற அப்பாவிடம் ஒரு தடவை, கம்பியை ஏன் கிழக்கே சாய்த்தீர்கள் என்று கேட்டேன். "காத்து அப்படி அடிச்சிது தாயி" என்றார். நானும் கோப்பை மூடிவிட்டேன்.

அன்று டெம்போ கிளம்பியபோது முன் சீட்டில் பேரிகையார் மடியில் அந்தக் கீழ் அடுக்கு இருந்தது. கருகிய முனை வெளியே தெரிந்தது. நான் அதைப் பார்த்துக் கையாட்டினேன். அதற்குப் பாராசூட் கிடையாது என்று அவருக்கு விளக்கிச் சொன்னதில் எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.